அவள் தெரியாது என்றுதான் சொன்னாள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் இது நடந்தது. அப்போது மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இன்றும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறோம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருப் பக்கம் போக நேர்ந்தால் மூன்று சக்கர டிரைஷாக்காரரிடம் வேறு வழியாகப் போகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். 

என் கணவர் பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கிறார். யுத்தம் முடிந்தபின் தனியாக வந்தவர், இடையில் ஓரிரு முறை ஊருக்கு வந்து போனார். நானும் மகளும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி அவரிடம் வந்து சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஊரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசத்தான் கூச்சம். மலாய் சுத்தமாகத் தெரியாது. மகளுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. கலியாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், சின்ன வயசு.

கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்லவர். குடி, சீட்டு ஒன்றும் கிடையாது. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் யாரைக் கண்டாலும் குரல் உள்ளே போய்விடும். ஆபீசில் துரை தும்மினால்கூட இவர் எழுந்து நிற்பார் என்று நான் கேலி செய்வதுண்டு. "நாம வந்த இடத்துல இருக்கோம். பணிஞ்சு போனா பத்திரமா இருக்கலாம்" என்பார். அதுவரை அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அன்று விடியும்போதே குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள். வாந்தி எடுத்தாள். வயிறும் இரண்டு தரம் இளகிப் போயிற்று. சுக்குக் கஷாயம் கொடுத்தேன், அதுவும் வெளியே வந்துவிட்டது. உடம்பு சுட ஆரம்பித்ததும் நான் பயந்துபோனேன். கணவர் ஆபீசுக்குப் போகும் உடுப்புடனேயே டிரைஷா பிடித்து வந்தார். மடியில் படுக்கவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

குழந்தைகள் வார்டு வாசலில் வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் நின்றிருந்தார். கஞ்சி போட்ட தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து. குழந்தையை என் கையிலிருந்து வாங்கி ஓர் உதவியாளிடம் கொடுத்தார். பெற்றோர் வார்டில் தங்கக் கூடாது, சாயங்காலப் பார்வை நேரத்தில் வந்தால் போதும் என்றார். என் கணவர் "யெஸ் சிஸ்டர்" என்றார்.

குழந்தைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், எங்கே வலிக்கிறது என்று யாரிடம் சொல்வாள் என்று நான் அவரைக் கேட்கச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். சிஸ்டர் முகத்தில் ஓர் அலுப்பு. உள்ளே போய்க்கொண்டிருந்த ஆயா ஒருத்தியைக் கைகாட்டினார். அவளும் உங்கள் ஆள்தான், எல்லாம் அவள் கேட்டுச் சொல்வாள் என்றார். அந்த ஆயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் அம்மனின் பெயர். மாநிறம், வகிடு எடுத்து வாரிய தலை, நெற்றியில் பொட்டு.

அவள் சிஸ்டரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். "தா தாவு, மிஸ்ஸி" என்ற சத்தம் மட்டும் என் காதில் விழுந்தது. இங்கே நர்ஸுகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிஸ்டர் சிரித்தபடி அவள் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். ஆயா போகுமுன் திரும்பி என் கணவரைப் பார்த்தாள். நான் அவளிடம், "கொஞ்சம் பக்கத்துலயே இரும்மா, பயந்துக்குவா" என்றேன். அவள் சிரித்தாள். தலையை ஆட்டினாளா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வார்டுக் கதவு சாத்தப்பட்டது.

கணவர் ஆபீசுக்குப் போனார். நான் வீட்டுக்குப் போகவில்லை. போ என்று அவர் சொல்லவுமில்லை.

கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் தள்ளுவண்டிக் கோப்பிக் கடை இருந்தது. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். எல்லோரும் நானா என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியைத் தட்டிப் போட்டார். "உக்காருங்கம்மா. உள்ள விடமாட்டாங்க. இந்த கேட்டுல எத்தனை தாய்மாருங்க நிக்கிறத நான் பாத்திருக்கேன்" என்றார். அவர் கொடுத்த கோப்பி ஆறிக்கொண்டே இருந்தது. உள்ளே ஏதாவது ஒரு குழந்தை அழுதால் என் குழந்தையின் அழுகை போலவே கேட்டது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஆயா கேட்டைத் தாண்டி வந்தாள். கோப்பி வாங்க வந்தாள் என்று நினைத்தேன். அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் எழுந்து, குழந்தை எப்படி இருக்கிறாள், என்ன சொன்னாள், டாக்டர் பார்த்தாரா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் விழித்தாள். பிறகு மலாயில் வேகமாக என்னவோ சொன்னாள். நான் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் மலாய்.

என் ரத்தம் கொதித்தது. தமிழச்சிக்குத் தமிழில் பதில் சொல்ல என்ன கேடு? ஆஸ்பத்திரி உத்தியோகம் கிடைத்ததும் நாக்கு மாறிவிட்டதா? தாய்க்காரியிடம்கூட என்ன திமிர்? வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நானா கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தார். "அம்மா, அம்மா, நிறுத்துங்க. அந்தப் பொண்ணு செட்டி வூட்டுப் பொண்ணு. மலாக்கா செட்டி. அதுக்குத் தமிழ் வராதும்மா. நீங்க இவ்வளவு வைஞ்சதுல ஒரு சொல்லுகூட அதுக்குப் புரியல."

எங்கள் தெருவைச் சுற்றிலும் அவர்கள்தான் இருக்கிறார்கள். பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்களின் வழி. வாசலில் மாவிலை, கோயிலில் அம்மன், பிள்ளைகளுக்கு நம் பெயர்கள். வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். நான் வந்த புதிதில் கோயிலில் ஓர் அம்மாளிடம் அபிஷேகம் எப்போது என்று கேட்க, அவர் சிரித்துக்கொண்டே விபூதித் தட்டை நீட்டினார். வந்த வாரத்திலேயே நான் கற்றுக்கொண்ட விஷயம் இது. ஆனால் வெள்ளை யூனிபாரமும் அந்தப் பெயரும் சேர்ந்து என் கண்ணையும் கட்டிவிட்டன. நான் இந்த ஊருக்குப் புதியவள். அந்தச் சிஸ்டர் இந்த ஊரில் எத்தனையோ வருஷமாக இருக்கிறவர். தன் வார்டில் வேலை செய்கிற பெண் என்ன மொழி பேசுகிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

நானா அவளிடம் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். காலையில் டாக்டர் அவசரமாகச் சுற்றி வந்திருக்கிறார். குழந்தை என்ன சொல்கிறாள் என்று சிஸ்டர் இவளைக் கேட்டிருக்கிறார். இவளால் சொல்ல முடிந்தது, வயிறு வலிக்கிறது என்பது மட்டும். அதைச் சொல்ல ஆயா எதற்கு? வெளிக்குப் போனாளா என்று கேட்கச் சொன்னார்கள். இவள் மலாயில் கேட்க, குழந்தை புரியாமல் தலையை இடமும் வலமும் ஆட்டியிருக்கிறாள். போகவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளை, வயிற்று வலி, வெளிக்குப் போகவில்லை என்றால் பூச்சிதான். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஆனா பிள்ளை ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லுதாம். இங்க கை வெச்சுக்கிட்டு" என்று நானா தன் வயிற்றின் வலப்பக்கம், இடுப்பெலும்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். ஆயாவும் அதே இடத்தில் தன் கையை வைத்தாள். வலது காலை மடக்கிக் காட்டினாள். குழந்தை காலை நீட்ட மாட்டேன் என்கிறாளாம். அது வெறும் வயிற்று வலி இல்லை என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. சாப்பாட்டுக்கு விட்டதும் தட்டை வைத்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள். எண்ணெய் கொடுக்கப் போகிறார்கள், நீங்கள் வந்து பேசுங்கள் என்றாள்.

நான் கேட்டை நோக்கி ஓடினேன். காவலுக்கு நின்ற ஜாகா, ஒரு தாடிக்காரச் சீக்கியர், கையைக் குறுக்கே நீட்டினார். என் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். நான்கு மணி, நான்கு மணி என்றார். பின்னாலிருந்து நானா மலாயில் ஏதோ கூவினார். பாய்ஜி, தேத்தண்ணி ஆறுது, இன்னிக்கு நம்ம கணக்கு, வா என்று கூப்பிட்டாராம். ஜாகா என்னையும் பார்த்தார், கோப்பிக் கடையையும் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். ஆயா என் கையைப் பிடித்து, சலவைத் துணி போகும் பக்கவாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே நான் கண்டது இப்போதும் கனவில் வருகிறது. ஒரு நர்ஸ் என் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். சிஸ்டர் மூக்கைப் பொத்தி, வாயருகே பீங்கான் கோப்பையைக் கொண்டுபோயிருந்தார். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகவாயெல்லாம் எண்ணெய். என்னைக் கண்டதும் வாயைத் திறந்து அலறினாள். "அம்மா, முதல்ல தொப்புள்கிட்ட வலிச்சுது, இப்ப இங்க குத்துதும்மா! சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க!"

நான் கோப்பையைத் தட்டிவிட்டேன். அது தரையில் உருண்டது. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் பிள்ளைகளை அடக்கிய குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது. வெளிக்குப் போயிருக்கிறாள், இரண்டு தரம் போயிருக்கிறாள், வலி இடம் மாறியிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று தப்பும் தவறுமான இங்கிலீஷில் கத்தினேன். சிஸ்டர் என்னை வெளியே தள்ளச் சொன்னார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு டாக்டர் வந்துவிட்டார். இளவயதுச் சீனர்.

அவர் என்னைப் பேசவிட்டார். அதற்காக அவரை மறக்க மாட்டேன். குழந்தை சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வலது பக்க வயிற்றில் மெதுவாக அழுத்திச் சட்டென்று கையை எடுத்தார். குழந்தை போட்ட கூச்சலில் மற்ற கட்டில்களில் இருந்த பிள்ளைகளும் அழத் தொடங்கின. டாக்டரின் முகம் மாறிவிட்டது. குடல்வால் பழுத்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார். எவ்வளவு எண்ணெய் உள்ளே போயிற்று என்று சிஸ்டரைக் கேட்டார். ஒன்றும் போகவில்லை என்று சிஸ்டர் சொன்னபோதுதான் அந்த அம்மாளின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், அந்தப் பேதி மருந்து உள்ளே போயிருந்தால் குடல்வால் வெடித்திருக்கக்கூடும் என்று என்னிடம் நேராகவே சொன்னார். அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் குழந்தை மயக்கம் தெளியாமல் தூங்கினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் ஆயாவைத் தேடிக்கொண்டு கோப்பிக் கடைக்கு வந்தேன். வேலை முடிந்து அவள் அங்கே நின்றிருந்தாள், அழுத கண்கள். அனுமதியில்லாமல் என்னை உள்ளே விட்டதற்காகவும், தமிழ் தெரியாததை மறைத்ததற்காகவும் அவளை நாளையிலிருந்து சலவைக்கு மாற்றிவிட்டார்களாம். விசாரணை வேறு இருக்கிறதாம், வேலையே போகலாமாம்.

மறைத்ததற்காக! நீ ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னேன். நானா கேட்டார். அவள் பதில் சொன்னாள். நானா அதை எனக்குச் சொல்லாமல் தேத்தண்ணிக் குவளையைக் கழுவத் தொடங்கினார்.

"என்ன சொல்றா நானா?"

"வுடுங்கம்மா. புள்ள பொழச்சிருச்சு. அல்லா காப்பாத்திட்டான்."

"என்ன சொன்னான்னு கேக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தமிழ் தெரியாது மிஸ்ஸின்னு வாசல்லயே சொன்னாளாம். மிஸ்ஸி நம்பல. இந்தப் பேர வெச்சுக்கிட்டு தமிழ் தெரியாதா, வேலைக்குச் சோம்பல்னு சிரிச்சுச்சாம். உங்க வூட்டு ஐயா பக்கத்துல நின்னாராம். அவருக்கு மலாய் தெரியுமேன்னு, அவராச்சும் எடுத்துச் சொல்லுவாருன்னு திரும்பிப் பாத்தாளாம். ஐயா கீழ குனிஞ்சுக்கிட்டாராம்."

தா தாவு. தெரியாது. அந்த இரண்டு சொல் எனக்குத்தான் புரியவில்லை. இந்த ஊரில் வருஷக்கணக்காக மலாய் பேசிப் பிழைப்பு நடத்துகிறவருக்குப் புரிந்திருக்கிறது.

வார்டுத் தாழ்வாரத்தில் அவரை நிறுத்திக் கேட்டேன். மறுக்கவில்லை. காதில் விழுந்தது என்றார். சிஸ்டர் ஒன்று சொல்லும்போது நாம் குறுக்கே பேசினால் கோபம் வந்துவிடும், அந்தக் கோபத்தில் குழந்தையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களே என்று பயந்தேன் என்றார். எப்படியும் ஜாடையில் சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாராம். "வந்த இடத்துல..." என்று ஆரம்பித்தார்.

"வந்த இடத்துல பெத்த பொண்ணத் தூக்கிக் குடுத்துட்டுப் போகணுமா?" என்றேன். தாழ்வாரத்தில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்தச் சிஸ்டரும் எங்களைப் போலக் கடல் தாண்டி வந்தவர்தான். அவர் மட்டும் ஏன் குனிந்து நிற்கவில்லை? கொடி மாறிப் பட்டாசு வெடித்து ஒரு வருஷம் ஆனபின்னும் அந்த வார்டு அவருடைய ராஜ்யமாகவே இருந்தது. அவர் சிரித்தால் ஒருவருக்குத் தமிழ் வந்துவிடும், அவர் அலுத்துக்கொண்டால் ஒருவருடைய குரல் அடைத்துவிடும்.

"வாங்க, உள்ள போய் டாக்டர்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? அதான் பொழச்சுட்டாளே."

"இவ பொழச்சா. அந்தப் பொண்ணோட பொழப்பு போகுது."

அவர் அசையவில்லை. நீங்கள் வராவிட்டால் நானே போய், என் புருஷன் காதால் கேட்டும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்வேன் என்றேன். அதன்பிறகுதான் என்னுடன் வந்தார். டாக்டர் அறையில் சிஸ்டரும் இருந்தார். என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அந்தப் பெண் தமிழ் தெரியாது என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவருடைய சட்டை முதுகில் வேர்வை பரவியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானால் அதை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நானும் அதைத்தானே தாழ்வாரத்தில் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சொன்னாளே, அவளை நீங்கள் நம்பினீர்களா, இவர் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பீர்களா என்று கேட்டேன். இலக்கணம் எல்லாம் பிழையாகத்தான் இருந்திருக்கும். சிஸ்டர், பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார். டாக்டர் மட்டும், விசாரணையில் இதைச் சொல்கிறேன் என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆயாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் பல மாதம் சலவைக் கொதிநீரில் கையை வேகவைத்த பிறகுதான் அவளை வார்டுக்குத் திரும்ப எடுத்தார்கள். சிஸ்டர் அதே வார்டில், அதே சாவிக்கொத்துடன் நடமாடிக்கொண்டிருந்தார். என் மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். மலாய் என்னைவிட, ஏன், தன் அப்பாவைவிடவும் நன்றாகப் பேசுகிறாள். அவள் வயிறு வலிக்கிறது என்று சொன்னால் இன்றும் என் கையில் இருப்பது கீழே விழுகிறது. கணவர் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார். நானும் தடுப்பதில்லை.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஏன் இதை மனதில் வைத்துப் புழுங்குகிறாய், பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே, மறந்துவிடு என்று தோழிகள் சொல்கிறார்கள். பிள்ளை பிழைத்ததற்கு நாள்தோறும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். நன்றி சொல்லி முடித்தபிறகும் கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதை நான் அணையவிடப் போவதில்லை, ஏனென்றால் அது அணைந்துவிட்டால் அடுத்த முறை ஏதோ ஒரு வாசலில், நல்லவள் என்று பெயரெடுத்துக்கொண்டு, நானும் தலையைக் குனிந்து நின்றுவிடுவேன்.